காற்று பிரியும் வரை

பள்ளியில் அவருக்கு 'விசில்' என்று பெயர். விளையாட்டு ஆசிரியர். குளிக்கும்போது மட்டும்தான் விசிலைக் கழுத்திலிருந்து கழற்றுவார் என்பது மாணவர்கள் கட்டிவிட்ட கதை. அது முழுப் பொய்யும் அல்ல என்பது அவர் மனைவிக்குத் தெரியும்.

பெருங்குடலில் ஒரு கட்டி. பயந்து நடுங்கும்படியானது இல்லை, ஆனால் விட்டுவைக்கவும் கூடாது என்றார் சர்ஜன். அந்தப் பகுதியை வெட்டியெடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடலாம் என்று அவர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் குறுக்கிட்டார்.

"எத்தனை நாள்ல எழுந்து ஓடலாம் டாக்டர்?"

சர்ஜன் சிரித்துவிட்டு, பக்கத்தில் நின்ற நர்ஸைக் காட்டினார். "அதையெல்லாம் இவங்ககிட்ட கேளுங்க. ஆபரேஷன் பண்றதோட என் வேலை முடிஞ்சுது. அதுக்கப்புறம் இவங்க ராஜ்யம்."

வார்டில் அவரைப் பெரிய சிஸ்டர் என்றார்கள். குட்டையான உருவம், அதட்டாத குரல். அந்தக் குரலுக்கு மறுப்பு சொல்ல யாருக்கும் தோன்றாது. அவர் ஒரு பெரிய தாளை மேசைமேல் விரித்தார். வயிற்று ஆபரேஷன் முடிந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கப்போடும் பழக்கத்தை இங்கே விட்டுவிட்டார்களாம். அன்று மாலையே எழுந்து உட்கார வேண்டும். மறுநாள் நடக்க வேண்டும். முதலில் தண்ணீர், பிறகு சூப், அதை வயிறு ஏற்றுக்கொண்டால் கெட்டியான உணவு. இடையில் சூயிங்கம் மெல்ல வேண்டும். வாய் மெல்லும்போது சாப்பாடு வருகிறதாக்கும் என்று குடல் ஏமாந்து விழித்துக்கொள்ளுமாம்.

"எல்லாம் சரியாப் போனா நாலாம் நாள் வீட்டுக்குப் போயிடலாம்" என்றார் பெரிய சிஸ்டர்.

மாஸ்டரின் காதில் நாலாம் நாள் மட்டும்தான் விழுந்தது. வீட்டுக்கு வந்ததும் காலண்டர் முன்னால் போய் நின்றார். பள்ளிகளுக்கு இடையிலான தொடர் ஓட்ட இறுதிப் போட்டிக்கு அவருடைய அணி தகுதி பெற்றிருந்தது. பதினாறு வருட வாத்தியார் வேலையில் முதல்முறை. அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, ஆபரேஷன் தேதியை அவரே முடிவு செய்தார்.

"ஏங்க, இது ஆபரேஷனா, ரயில் டிக்கெட்டா?" என்று கேட்டாள் மனைவி.

"திட்டம் போட்டுக் குடுத்திருக்காங்கல்ல? அப்புறம் என்ன?"

அவள் ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் கண் பரிசோதனை கவுன்டரில் வேலை பார்ப்பவள். இரண்டு வாரம் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, துணிமணி, ஃபிளாஸ்க், படிக்காமல் கிடந்த பத்திரிகைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பக்கத்துக் கட்டிலில் அதே நாளில் அதே ஆபரேஷன் செய்துகொண்ட ஒரு சலூன்காரர் இருந்தார். இரண்டு கட்டில்களின் கால்மாட்டிலும் அந்தத் திட்டத்தாள் தொங்கியது.

மாஸ்டர் அதைப் போட்டியாகவே எடுத்துக்கொண்டார். உட்காரச் சொன்னால் நின்றார். வராந்தாவின் பாதிவரை நடக்கச் சொன்னால் கடைசிவரை போய்ச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். சூயிங்கத்தைத் தாடை வலிக்க மென்றார். நுரையீரலுக்காக மூச்சை இழுத்துப் பழகக் கொடுத்த பிளாஸ்டிக் குழாயில் பந்துகளை உச்சியில் நிறுத்தி வைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார்.

சலூன்காரரோ எல்லாவற்றுக்கும் அழுதார். நடக்க வைக்க வந்த பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டு, "அம்மா தாயே, உனக்குப் புண்ணியமாப் போகும், என்னை விட்டுடு" என்பார். குழாயில் ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டு, உலகையே வென்றவர்போல் சாய்ந்துகொள்வார். சூயிங்கம் கன்னத்தில் ஓரமாகக் கிடக்கும்.

"இவரெல்லாம் தேற மாசக்கணக்காகும்" என்று மாஸ்டர் மனைவியிடம் கிசுகிசுத்தார்.

இரண்டாம் நாள் காலையில், வார்டு முழுக்க டாக்டருக்காகக் காத்திருந்தபோது, சலூன்காரரின் போர்வைக்குள்ளிருந்து பழைய வண்டி ஸ்டார்ட் ஆவதுபோல் ஒரு சத்தம் வந்தது. அவரே திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். பெரிய சிஸ்டர் கையில் இருந்த மருந்துத் தட்டை வைத்துவிட்டுக் கைதட்டினார்.

"சபாஷ்! குடல் முழிச்சிக்கிச்சு!"

சிரிக்காமல் இருந்தது மாஸ்டர் மட்டும்தான்.

அதற்குப் பிறகு அவருக்கு வேறு நினைப்பே இல்லை. நடந்தார், மென்றார், பக்கவாட்டில் திரும்பிப் படுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. உறவுக்காரர்கள் வேறு மாற்றி மாற்றி போன் செய்தார்கள். சித்தப்பாவுக்குக் காது மந்தம். ஊருக்கே கேட்கும்படி கத்துவார். "காத்து பிரிஞ்சுதாடா?" என்று அவர் போனில் கேட்டதற்கு எதிர்க் கட்டில்காரரே "இன்னும் இல்லைங்க" என்று பதில் சொன்னார். மாஸ்டர் போனைப் பிடுங்கி அணைத்தார்.

அவர் சட்டையை மாற்றிவிடும்போது மனைவி கவனித்தாள். வயிறு நேற்றைவிட உப்பியிருந்தது. தொட்டால் கெட்டியாக, இழுத்துக் கட்டிய கூடாரத் துணிபோல் இருந்தது. சூப்பைக் குடிக்கும்போது ஒவ்வொரு வாய்க்கும் அவர் கண்ணை மூடித் திறப்பதையும் பார்த்தாள்.

"குமட்டுதா?"

"ஒண்ணுமில்ல. உப்பு கம்மி."

மறுநாள் பெரிய சிஸ்டர் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தார். மாலையில்தான் வருவார் என்றார்கள். சுற்றுக்கு வந்தது சின்ன டாக்டர். மீசை இன்னும் சரியாக அடர்த்தியாகாத வயசு. தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, கட்டிலில் இருந்தவரைப் பார்க்காமலே கேட்டார்.

"நடக்கிறாரா?"

"நல்லா நடக்கிறேன் சார்."

"சூப் உள்ள போகுதா?"

"போகுது சார்."

"காத்து பிரிஞ்சுதா?"

"காலையிலேயே பிரிஞ்சுது சார்."

பேனா தாளில் ஓடியது. மனைவி கணவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"எப்பங்க?"

"நீ தண்ணி பிடிக்கப் போயிருந்தப்ப."

"எனக்குக் கேக்கவே இல்லையே மாஸ்டர்!" என்றார் சலூன்காரர் வெள்ளந்தியாக.

"எல்லாரும் உங்களை மாதிரி ஊரைக் கூட்டி விடுவாங்களா?"

சின்ன டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகரப் போனார். அவள் வழிமறித்து நின்றாள். "டாக்டர், வயிறு உப்பியிருக்கு. நேத்தைவிட அதிகம். ஒரு தடவை தொட்டுப் பாருங்களேன்."

அவர் இரண்டு விரலால் ஓர் இடத்தில் அழுத்தினார். "இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் கொஞ்சம் உப்பசம் சகஜம்மா."

"கொஞ்சம் இல்ல டாக்டர். சூப்பைக்கூட கஷ்டப்பட்டுதான் முழுங்குறாரு."

"அம்மா, எல்லாம் திட்டப்படி போயிட்டிருக்கு. மத்தியானம் கெட்டியான சாப்பாடு. நாளைக்குக் காலைல வீட்டுக்குப் போகலாம். சந்தோஷமா இருங்க."

திட்டப்படி. கட்டிலில் கிடக்கும் மனுஷனைவிடத் தாள் அவருக்கு உசத்தியாகிவிட்டதே என்று ஆத்திரம் வந்தது. ஆனால் தாளில் பொய்யை ஏற்றியது டாக்டர் இல்லை. அவள் யாரிடம் கோபப்படுவது?

மதியம் ரொட்டியும் வேகவைத்த உருளைக்கிழங்கும் முட்டையும் வந்தன. தண்டனை எழுதும் மாணவன்போல் மாஸ்டர் அதைச் சாப்பிட்டு முடித்தார். காலித் தட்டை எல்லோருக்கும் தெரியும்படி மேசை ஓரத்தில் வைத்தார்.

மாலை வெயில் வார்டுக்குள் வந்து விழும் நேரத்தில் அவர் சட்டென எழுந்து குளியலறைக்குப் போனார். அவள் பின்னாலேயே ஓடினாள். சுவரில் ஒரு கையும் வயிற்றுத் தையலில் ஒரு கையுமாகக் குனிந்து நின்றார். மதியம் உண்டது அத்தனையும் வந்தது. அதற்குப் பின்னால் பச்சைப் பச்சையாகத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. மனுஷனுக்குள் இவ்வளவு இருக்குமா?

"சிஸ்டரைக் கூப்பிடுறேன்."

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வேணாம். இப்ப லேசாயிடுச்சு. நாளைக்குக் காலைல வீட்டுக்குப் போயிடுவோம். நீ வாயைத் திறக்காதே."

"பச்சையா எடுத்திருக்கீங்க. விளையாடுறீங்களா?"

"பதினாறு வருஷம். உனக்குப் புரியாது. ஒரு நாள், ஒரே ஒரு நாள் மைதானத்துல போய் உக்காந்துட்டு வந்துடுறேன். அதுக்கப்புறம் எங்க வேணா படுக்கிறேன். என்மேல ஆணை, சொல்லாதே."

"காத்து பிரிஞ்சது நிஜமா?"

அவர் வாயைக் கொப்பளித்தார்.

அவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டுத் திரும்பி வந்து தரையைக் கழுவினாள். கழுவி முடித்த பிறகும் குழாயை மூடாமல் நின்றாள். அவள் கவுன்டருக்கு எத்தனையோ பேர் வருவார்கள். பலகையில் இருக்கும் எழுத்துகளை வரிசையில் நிற்கும்போதே மனப்பாடம் செய்துகொண்டு வந்து கடகடவென ஒப்பிப்பார்கள். பலகையை மாற்றினால் முழிப்பார்கள். திருப்பி அனுப்பினால் திட்டுவார்கள். அந்தத் திட்டு அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அவர்கள் அன்றோடு போய்விடுவார்கள். இவர் போக மாட்டார். இவருடன்தான் வீட்டுக்குப் போக வேண்டும், மேசையில் எதிரும் புதிருமாக உட்கார வேண்டும். சொன்னால் ஜென்மத்துக்கும் சொல்லிக் காட்டுவார். சொல்லாமல் வீட்டுக்குக் கூட்டிப்போய் அங்கே இப்படிப் பச்சையாக எடுத்தால் யாரைக் கூப்பிடுவது?

குழாயை மூடினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தபோது பெரிய சிஸ்டர் அப்போதுதான் படியேறி வந்துகொண்டிருந்தார். கைப்பையைக்கூட இன்னும் கழற்றவில்லை.

"சிஸ்டர், அவர் பொய் சொல்றாரு" என்றாள்.

பெரிய சிஸ்டர் மிச்சத்தை நடந்துகொண்டே கேட்டார். நேராகக் கட்டிலுக்கு வந்து ஸ்டெதாஸ்கோப்பை வயிற்றில் வைத்து, இடம் மாற்றி மாற்றி வெகுநேரம் கேட்டார். பிறகு அதைக் காதிலிருந்து எடுத்தார்.

"மாஸ்டர், உள்ள ஒரு சத்தமும் இல்ல. இப்ப சொல்லுங்க. காத்து பிரிஞ்சுதா?"

அவர் சிஸ்டரைப் பார்க்கவில்லை. மனைவியை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அப்படியொரு பார்வையை அவள் கண்டதில்லை.

அரைமணி நேரத்தில் எல்லாம் தலைகீழானது. மூக்கு வழியாக வயிற்றுக்குள் ஒரு குழாயை இறக்கினார்கள். சர்ஜன் வந்தார். தையல் போட்ட இடம் கசிகிறதோ என்று ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள். அந்த அறை வாசலில் உட்கார்ந்திருந்தபோது அவள் வேண்டாத தெய்வமில்லை. கசிவு இல்லை என்று சொன்னார்கள். குடல் தூங்குகிறது, இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருக்கிறது, அதை ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வாய்க்குள் ஒரு சொட்டும் கூடாது. நாலாம் நாள் போயே போய்விட்டது.

மறுநாள் காலையில் சின்ன டாக்டர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு வந்தார். "நோயாளியே பொய் சொன்னா நாங்க என்னம்மா பண்ண முடியும்? கூட இருக்கிற நீங்களாவது சொல்ல வேணாமா?"

அவளுக்குள் எதுவோ அறுந்தது.

"நான் சொல்லலையா? வழிய மறிச்சு நின்னு சொன்னேனே! வயிறு உப்பியிருக்குன்னேன், முழுங்க முடியலன்னேன். நீங்க என்ன சொன்னீங்க? சந்தோஷமா இருங்கன்னீங்க. அவர் சொன்ன பொய்யை உடனே எழுதிக்கிட்டீங்க, நான் சொன்ன நிஜத்தை எங்க எழுதினீங்க? காட்டுங்க, அந்தத் தாள்ல எங்க இருக்கு?"

சின்ன டாக்டரின் காது சிவந்தது. "அம்மா, மெதுவா..."

"எதுக்கு மெதுவா?"

பெரிய சிஸ்டர் வந்து அவள் தோளில் கை வைத்தார். ஆனால் பேசியது டாக்டரிடம். "அவங்க கேக்கிறது நியாயம் டாக்டர். இந்தத் திட்டத்துல நிறைய பேர் சீக்கிரம் எழுந்து போறாங்க. போகாதவங்களைக் கண்டுபிடிக்கத்தான் நாம இருக்கோம். நானும் நேத்து கிளம்புறதுக்கு முன்னாடி இவரை ஒரு தடவை பாத்துட்டுப் போயிருக்கணும்."

சின்ன டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அன்று மாலை வந்தபோது வயிற்றை நான்கு பக்கமும் முழுக் கையால் அழுத்திப் பார்த்தார். மாஸ்டரிடம் கேட்பதற்கு முன்னால் அவளிடம், "நீங்க சொல்லுங்கம்மா, எப்படியிருக்காரு?" என்றார். அவளுக்கு அப்போதும் கோபம் தீரவில்லை.

சலூன்காரர் திட்டத்தில் சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பினார். வாஷ்பேசின் முன்னால் நின்று தனக்குத்தானே வழவழவென்று முகச்சவரம் செய்துகொண்டு, "என்னை மாதிரி சும்மா படுத்துக் கிடங்க மாஸ்டர், தானா வரும்" என்று உபதேசமும் செய்தார். ஒரு வேலையும் செய்யாத மனுஷன் கையை வீசிக்கொண்டு போவதை, எல்லா வேலையையும் செய்த மனுஷன் மூக்கில் குழாயோடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அநியாயம் மட்டும் அவளுக்கும் பொறுக்கவில்லை.

மாஸ்டர் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். சிஸ்டரிடம் கரகரத்த குரலில் பேசினார். தரை துடைப்பவரிடம்கூட பேசினார். அவள் வந்தால் குழாயைச் சுட்டிக்காட்டி, பேச முடியாது என்பதுபோல் கையசைப்பார். அவள் உதட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டாள், காலைப் பிடித்துவிட்டாள், தலையணையைத் திருப்பிப் போட்டாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

இறுதிப் போட்டி நடந்த அன்று கணக்கு வாத்தியார் மைதானத்திலிருந்து போன் செய்தார். அவர் ஜென்மத்தில் ஓட்டப் பந்தயம் பார்த்ததில்லை. வேறு ஆளில்லாமல் பையன்களோடு அவரை அனுப்பியிருந்தார்கள். மாஸ்டர் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்ததால் அவள்தான் போனை அவர் காதருகில் பிடித்துக்கொண்டாள்.

"ஆரம்பிச்சுட்டாங்க சார்! ஓடுறாங்க! எல்லாரும் ஓடுறாங்க!"

மாஸ்டர் பல்லைக் கடித்தார்.

"ஒரு பையன் முன்னாடி போறான் சார். நீலச் சட்டை."

"நம்ம சட்டை பச்சை!" என்று மாஸ்டர் அலறினார்.

"ஓ, பச்சையா? பச்சை... இருங்க, தேடுறேன்... கோலை மாத்திக்கிறாங்க சார், ஐயோ—"

"என்னய்யா ஐயோ? விழுந்துதா?"

"தெரியல சார், முன்னாடி ஒருத்தர் எழுந்து நின்னு மறைக்கிறாரு. சார், கொஞ்சம் உக்காருங்க சார்... உங்களை இல்ல சார்..."

அதோடு இணைப்பு அறுந்தது. திரும்பத் திரும்பப் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. மூன்றாம் இடம். வேறு விவரமில்லை.

"கோல் மாத்துற இடத்துல பதறியிருப்பானுங்க" என்றார் மாஸ்டர் கூரையைப் பார்த்து. பிறகு அவள் பக்கம் திரும்பினார். "நான் பக்கத்துல உக்காந்திருந்தா பதறியிருக்க மாட்டானுங்க. நீ மட்டும் வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா நான் அங்க இருந்திருப்பேன்."

அவள் போனைப் பைக்குள் வைத்தாள். "அங்க இருந்திருக்க மாட்டீங்க. அத்தனை பசங்க முன்னாடி மைதானத்துல குனிஞ்சு வாந்தி எடுத்துக்கிட்டு இருந்திருப்பீங்க. இல்ல வண்டியிலேயே போயிருப்பீங்க. நான் என்ன பண்ணணும்? உங்க ஆணையைக் காப்பாத்திட்டு உங்களைப் பறிகுடுக்கணுமா? உங்களுக்குப் போட்டி, அவங்களுக்குத் திட்டம். எனக்கு என்ன இருக்கு? இத்தனை நாளா இந்த ஸ்டூல்ல உக்காந்து முதுகு ஒடியுது. ஒரு வார்த்தை கேட்டீங்களா?"



மறுநாள் காலையில் நடக்கச் சொன்னார்கள். டிரிப்ஸ் ஸ்டாண்டை அவள் தள்ள, அவர் வராந்தாவில் மெல்ல நடந்தார். சுவரைத் தொடும் வேகமெல்லாம் போயிருந்தது. லிஃப்ட் வாசலில் பார்வையாளர்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்தபோது அவர் நின்றார். முகம் ஒரு மாதிரி ஆனது. சின்னதாக, தயக்கமாக ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து நீளமாக இன்னொன்று. ஒரு பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்.

மாஸ்டர் அவளைப் பார்த்தார். "கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"சிஸ்டர்கிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

அவள் போய்ச் சொன்னாள். பெரிய சிஸ்டர் கைதட்டினார். மதியத்துக்குள் மூக்குக் குழாயை எடுத்தார்கள். அவள் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷமா, ஆத்திரமா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது, சூப் கிண்ணம் பாதி காலியாக இருந்தது. அவர் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார்.

"நீ சாப்பிட்டியா?" என்றார்.

"இல்ல."

"போய்ச் சாப்பிட்டு வா."

"போகல."



"சரி. தப்பு என்மேலதான். போதுமா?"

"யார்கிட்ட சொல்றீங்க? சுவத்துகிட்டயா?"

தையல் போட்ட வயிற்றோடு அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் திரும்புவது சாதாரண வேலை இல்லை. முழங்காலை மடக்க வேண்டும், கட்டில் கம்பியைப் பிடிக்க வேண்டும், மூச்சை அடக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் புரள வேண்டும். இத்தனை நாளும் அவள்தான் முதுகுக்குக் கைகொடுத்துத் திருப்பிவிட்டாள். இன்று ஸ்டூலில் உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, அவர் தானாகத் திரும்பி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.